பெயரில் ஜேபிஜி, உள்ளே வேறு: படக் கோப்புகளின் ஹெடர் எப்படி வேலை செய்கிறது?

#1 · மலர்_தென்காசி

வணக்கம். தென்காசிப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டால் காலையிலிருந்தே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். போட்டோ ஏற்றும் இடத்தில்தான் எல்லாம் சிக்குகிறது.

முதல் சிக்கல்: போனிலிருந்து அனுப்பிய போட்டோ, பெயர் முடிவில் ஜேபிஜி என்று இருக்கிறது. என் கணினியில் நன்றாகவே திறக்கிறது. தளத்தில் ஏற்றினால் 'செல்லாத கோப்பு வகை' என்று திருப்பிவிடுகிறது. இரண்டாவது: என் திரையில் நேராக நிற்கும் முகம், ஏற்றி முடித்துப் பார்த்தால் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. மூன்றாவது: '200 டிபிஐ இருக்க வேண்டும்' என்று விதி போட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் எடுத்த நல்ல போட்டோவே 72 என்று காட்டுகிறது.

ஏதாவது ஒரு ஆன்லைன் கருவியில் போட்டு மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கிறேன். ஆனால் பிள்ளைகளின் முகப்படத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்ற மனசு ஒப்பவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தால் நானே சரிசெய்துகொள்வேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

#2 · ஸ்டுடியோ_வேலு

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்மா. டிபிஐ என்பது பிரிண்ட் போடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வைக்கலாம் என்ற குறிப்பு, அவ்வளவுதான். 72-ஐ 200 ஆக்கினால் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது. பாஸ்போர்ட் அளவு 3.5 செ.மீ × 4.5 செ.மீ என்றால், 200 டிபிஐக்கு அகலம் 276 பிக்சல், உயரம் 354 பிக்சல் வர வேண்டும். அதற்கு வெட்டி, சேமிக்கும்போது 200 என்று போட்டுவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் இருமம் தம்பிதான் சரி. அவர் படம் திறக்கும் மென்பொருள் எழுதுகிறவர்.

#3 · இருமம்

மலர் அவர்களுக்கு வணக்கம். வேலு அண்ணன் சொன்னது சரி. முதல் சிக்கலிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கோப்பு என்பது 0 முதல் 255 வரையான எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட், அதாவது 0, 1 என்ற எட்டு பிட். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று இருந்தாலும் பிஎன்ஜி என்று இருந்தாலும் அந்த வரிசையில் எதுவும் மாறாது. உள்ளே என்ன வகை என்பதை முதல் சில பைட்டுகள்தான் சொல்கின்றன. கோப்பைப் பற்றிய தகவல் இருக்கும் இந்தத் தொடக்கப் பகுதிதான் ஹெடர். விண்டோஸின் படம் காட்டும் மென்பொருள் பெயரை விட்டுவிட்டு அந்த பைட்டுகளைப் பார்த்துத் திறக்கிறது. அதனால் உங்களிடம் திறந்துவிடுகிறது. தளமும் அதே பைட்டுகளைப் பார்க்கிறது, ஆனால் ஜேபெக் (ஜேபிஜி என்பதும் இதுதான்) மட்டும்தான் வேண்டும் என்கிறது. பையன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருப்பான்.

பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் கோப்பைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது பதினறும எண்ணில் காட்டும், அதாவது 255 அங்கே FF என்று தெரியும். நான் இங்கே எல்லாவற்றையும் பதின்ம எண்ணிலேயே எழுதுகிறேன்.

ஜேபெக் என்றால் 255 216 255 என்று தொடங்கும். ஜிஃப் என்றால் 71 73 70 56. விண்டோஸ் பிட்மேப் என்றால் 66 77. ஒரு போன் ஸ்கிரீன்ஷாட் பிஎன்ஜியாக இருந்தால் இப்படி வரும்:

137 80 78 71 13 10 26 10
0 0 0 13 73 72 68 82
0 0 4 56 0 0 9 96
8 6 0 0 0

முதல் வரியில் இருக்கும் எட்டு பைட்டுகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது, நடுவில் இருக்கும் மென்பொருள் அதை எழுத்துக் கோப்பு என்று நினைத்துக் கெடுத்துவிடும். எட்டாவது பிட்டை வெட்டிவிடும் இணைப்புகள் இருந்தன. 137 என்ற எண்ணில் அந்த பிட்டை எடுத்தால் 9 ஆகிவிடும், உடனே தெரிந்துவிடும். 80 78 71 என்பது பி, என், ஜி ஆகிய எழுத்துகளின் குறியீடு. 13 10 டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்), விண்டோஸ் பாணி வரிமுடிவு. யாராவது அதை யூனிக்ஸ் பாணிக்கு மாற்றியிருந்தால் 13 காணாமல் போயிருக்கும். கடைசியில் தனியாக நிற்கும் 10 அதற்கு நேர்மாறான கேட்டைப் பிடிக்கும். நடுவில் இருக்கும் 26, டாஸில் யாராவது கோப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் அத்தோடு நிறுத்திவிடும், திரை முழுக்கக் குப்பை ஓடாது. எட்டே பைட்டில் கோப்பின் வகையும் தெரிகிறது, வழியில் கெட்டுப்போனதா என்பதும் தெரிகிறது.

இவ்வளவு யோசித்து வடிவமைத்ததற்குப் பின்னணி உண்டு. 1987-இல் காம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த ஜிஃப்தான் இணையத்தில் பரவலாக இருந்தது. அது பயன்படுத்திய எல்இசட்டபிள்யூ சுருக்க முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. 1994 டிசம்பரில் அதற்கு உரிமக் கட்டணம் என்ற அறிவிப்பு வந்ததும், 1995 ஜனவரியிலேயே யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் மாற்று வடிவத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. 1996 அக்டோபரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பிஎன்ஜியைப் பரிந்துரையாக ஏற்றது. பல ஊர்களில் இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துச் செய்தது இது. காப்புரிமை இல்லாத ஒரு வடிவம் வேண்டும் என்று நினைத்தவர்கள் இல்லாவிட்டால், அந்தக் காப்புரிமை முடியும்வரை படம் சேமிக்கவும் காசு கட்டிக்கொண்டிருந்திருப்போம்.

சரி, இரண்டாவது வரி. 0 0 0 13 என்றால் 'அடுத்து 13 பைட் தரவு வருகிறது'. 73 72 68 82 அந்தத் துண்டின் பெயர்: ஐஎச்டிஆர், அதாவது ஹெடர் துண்டு. பிஎன்ஜி முழுவதும் இப்படித் துண்டு துண்டாகத்தான் இருக்கும். முதலில் நீளம், அடுத்து நான்கெழுத்துப் பெயர், பிறகு தரவு, கடைசியில், பெயரிலிருந்தும் தரவிலிருந்தும் கணக்கிட்ட சரிபார்ப்பு எண் நான்கு பைட். பெயரின் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தானால் அந்தத் துண்டைப் படிக்கத் தெரியாத மென்பொருள் படத்தைத் திறக்கக் கூடாது, சின்ன எழுத்தானால் தெரியாவிட்டாலும் தாண்டிப் போகலாம். 1996-இல் எழுதிய மென்பொருள் நேற்று கண்டுபிடித்த துண்டைப் பார்த்துக் குழம்பாமல் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது வரியில் அகலம், உயரம். 4 × 256 + 56 = 1080. 9 × 256 + 96 = 2400. கடைசி வரியில் 8 என்பது ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட், 6 என்பது சிவப்பு, பச்சை, நீலம், கூடவே ஒளிபுகும் அளவு. மிச்சம் மூன்றும் சுருக்கம், வடிகட்டல், பின்னல் பற்றியவை.

உங்கள் கடையில் ஒரு கோப்பு திருப்பி அனுப்பப்பட்டால் முதல் மூன்று பைட்டைப் பாருங்கள். 255 216 255 இல்லை என்றால் பெயர் மாற்றிப் பயனில்லை. பெயின்டில் திறந்து 'ஜேபெக்காகச் சேமி' என்று கொடுத்தால் போதும். எந்த ஆன்லைன் கருவியும் வேண்டாம்.

#4 · புதுநிரல்

அருமையான விளக்கம் அண்ணா. நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தானில் சொந்தமாக ஹெடர் படிக்கும் நிரல் எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்? பிஎன்ஜியில் சுருக்கம் எல்லாம் வருகிறதே, பயமாக இருக்கிறது.

#5 · இருமம்

பிட்மேப்பிலிருந்து தொடங்குங்கள் தம்பி. சுருக்கம் இல்லாத 24 பிட் பிட்மேப்பைக் காகிதத்திலேயே எழுதிவிடலாம். 2 × 2 பிக்சல் படம் ஒன்று:

66 77 70 0 0 0 0 0 0 0 54 0 0 0
40 0 0 0 2 0 0 0 2 0 0 0 1 0 24 0

முதல் வரி 14 பைட். 66 77 அடையாளம். 70 மொத்தக் கோப்பின் அளவு. 54 என்பது பிக்சல்கள் எந்த இடத்தில் தொடங்குகின்றன என்பது. அடுத்த பகுதிக்கு நீளம் 40, அதில் அகலம் 2, உயரம் 2, அடுக்கு 1, பிக்சலுக்கு 24 பிட். இதற்குப் பிறகு இன்னும் 24 பைட் வரும், எல்லாவற்றையும் 0 என்று வைக்கலாம். ஆக 54.

இங்கே கவனியுங்கள், எண்கள் பின்னாலிருந்து எழுதப்பட்டிருக்கின்றன. சிறிய இலக்கம் முதலில். 1080 என்ற அகலம் பிஎன்ஜியில் 0 0 4 56, பிட்மேப்பில் 56 4 0 0. இன்டெல் சில்லுகள் நினைவகத்தில் எண்ணை வைக்கும் முறையையே விண்டோஸ்காரர்கள் கோப்பிலும் வைத்தார்கள். பிஎன்ஜியும் ஜேபெக்கும் பெரிய இலக்கத்தை முதலில் வைக்கின்றன.

54 + 2 × 2 × 3 = 66தானே வர வேண்டும், 70 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வரிசையும் நான்கின் மடங்காக முடிய வேண்டும். ஒரு வரிசைக்கு 6 பைட், அதை 8 ஆக்க இரண்டு வெற்று பைட் சேரும். வரிசைகள் கீழிருந்து மேலாக எழுதப்படும். வண்ணம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில். உயரத்தை எதிர்மறை எண்ணாகக் கொடுத்தால் மேலிருந்து கீழாக வரும். இந்த 70 பைட்டையும் கையால் எழுதி, கோப்பாகச் சேமித்து, அது படமாகத் திறக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் வேறு எந்தப் பாடத்திலும் கிடைக்காது. இன்றைக்கே செய்து பாருங்கள்.

#6 · மலர்_தென்காசி

இருமம் சார், ரொம்ப நன்றி. திருப்பி அனுப்பப்பட்ட கோப்புகளை இன்று எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் 137 80 78 71. ஒன்று மட்டும் 82 73 70 70 என்று தொடங்குகிறது. இன்னொன்றில் 0 0 0 என்று ஆரம்பித்து, பிறகு 102 116 121 112 வருகிறது. இவை என்ன?

ஜேபெக்காக மாற்றும்போது இன்னொரு விஷயம். ஒரு பெண் தன் கையெழுத்தை வெள்ளைத் தாளில் எழுதி ஏதோ செயலியில் பின்னணியை நீக்கிக் கொண்டுவந்தாள். அதை வேறு ஒரு மென்பொருளில் ஜேபெக் ஆக்கினால் முழுப் படமும் கறுப்பாகிவிட்டது.

#7 · இருமம்

82 73 70 70 வெப்பி. கூகுள் 2010-இல் வெளியிட்டது. அந்த நான்கு எழுத்து ரிஃப் என்ற பழைய பெட்டி வடிவத்தின் அடையாளம், டபிள்யூஏவி ஒலிக் கோப்பும் ஏவிஐ வீடியோவும் அதிலேதான் தொடங்கும். ஆகவே அதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடுத்த நான்கு பைட் அளவு, அதற்கடுத்து 87 69 66 80 இருந்தால்தான் வெப்பி.

இன்னொன்று ஐபோனில் எடுத்த எச்இஐசியாக இருக்கும். அதில் முதல் நான்கு பைட் ஒரு நீளம்தான், அடையாளம் ஐந்தாவது பைட்டிலிருந்து வருகிறது. 102 116 121 112-க்குப் பிறகு 104 101 105 99 இருந்தால் எச்இஐசி, 97 118 105 102 இருந்தால் ஏவிஃப். எம்பி4 வீடியோவும் இதே அமைப்புதான். ஐபோன் அமைப்புகளில் கேமராவை 'மிகப் பொருந்தும்' வகைக்கு மாற்றச் சொல்லுங்கள், ஜேபெக்காகவே எடுக்கும்.

கையெழுத்து கறுப்பானது ஏனென்றால், ஜேபெக்கில் ஒளிபுகும் அளவைச் சேமிக்க இடமே இல்லை. நீக்கப்பட்ட பின்னணியில் பிக்சல்கள் பெரும்பாலும் 0 0 0, அதாவது கறுப்பு, ஒளிபுகும் அளவும் 0. அந்த நான்காவது எண்ணைத் தூக்கி எறிந்தால் கறுப்பு மட்டும் மிஞ்சும். முதலில் வெள்ளைப் பின்னணி ஒன்றின்மேல் படத்தை வைத்து, பிறகு சேமிக்க வேண்டும்.

#8 · கட்டுமரம்

படுத்துக் கிடக்கும் முகத்துக்கு நான் வருகிறேன். இணையதளங்கள் கட்டுவது என் தொழில், இந்தத் தவறு எங்கள் பக்கத்துத் தவறு. மலர் அக்காவிடமோ பிள்ளைகளிடமோ குற்றம் இல்லை.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் தன் போக்கிலேயே, கிடைமட்டமாகத்தான் பிக்சல்களை எழுதுகிறது. கூடவே ஹெடரில் எக்ஸிஃப் என்ற பகுதியில் 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு வைக்கிறது. அது 274-ஆம் எண் குறிப்பு. உள்ளே இப்படி இருக்கும்:

1 18 0 3 0 0 0 1 0 6 0 0

1 × 256 + 18 = 274. 3 என்பது இரண்டு பைட் எண். ஒரே ஒரு மதிப்பு. அந்த மதிப்பு 6. '90 பாகை வலமாகத் திருப்பு' என்று பொருள். 1 என்றால் அப்படியே, 3 என்றால் தலைகீழ், 8 என்றால் இடமாக. இந்தப் பன்னிரண்டு பைட்டில் ஒரே ஒரு எண் முகத்தை நிற்கவும் வைக்கிறது, படுக்கவும் வைக்கிறது.

தளம் என்ன செய்கிறது? எக்ஸிஃபில் எடுத்த இடம், நேரம், போன் மாடல் எல்லாம் இருப்பதால் பாதுகாப்புக்காக முழுப் பகுதியையும் நீக்குகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் முதலில் 274-ஐப் படித்துப் பிக்சல்களைத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு நீக்க வேண்டும். வரிசை மாறினால் ஹால் டிக்கெட்டில் முகம் சாய்ந்துவிடும். இதைச் சரிபார்க்காமல் லட்சக்கணக்கான பேர் பயன்படுத்தும் தளத்தை வெளியிடுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அக்கா, நீங்கள் செய்ய வேண்டியது: படத்தைத் திறந்து, தேவையான அளவுக்கு வெட்டி, புதிதாகச் சேமியுங்கள். சேமித்ததை மறுபடி ஏற்றும் முன் வேறொரு மென்பொருளிலும் திறந்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

#9 · ஸ்டுடியோ_வேலு

மறுபடி மறுபடி சேமித்தால் படம் கெட்டுப்போகாதா தம்பி? ஜேபெக் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் இழக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

#10 · கட்டுமரம்

276 × 354 அளவுக்குச் சுருக்கும்போது எப்படியும் புதிதாகத்தான் எழுத வேண்டும் அண்ணே. நல்ல தரத்தில் ஒரு தடவை சேமித்தால் கண்ணுக்குத் தெரியாது.

#11 · இருமம்

வேலு அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்கான மூலப் படத்தைத் திருப்பவே புதிதாக எழுதுவது தேவையில்லாத இழப்பு. ஜேபெக் 8 × 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குகிறது. கட்டங்களை அவிழ்க்காமலே இடம் மாற்றித் திருப்பும் கருவிகள் உண்டு, ஜேபெக்ட்ரான் அப்படிப்பட்டது. அகலமும் உயரமும் 8-இன் மடங்காக, பல படங்களுக்கு 16-இன் மடங்காக இருந்தால் துளி இழப்பு இல்லை.

ஜேபெக்கின் அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஎன்ஜி மாதிரி எல்லாத் தகவலும் ஒரே இடத்தில், நிலையான தொலைவில் இருக்காது. 255 என்று ஒரு பைட், அடுத்து ஒரு குறியீடு, அடுத்து இரண்டு பைட் நீளம். இப்படிப் பகுதி பகுதியாகத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். 255 216 தொடக்கம். 255 224 வந்தால் ஜேஃபிஃப் என்ற அடிப்படைத் தகவல் பகுதி, அதில்தான் மலர் அவர்கள் கேட்ட டிபிஐ இருக்கிறது:

255 216 255 224 0 16 74 70 73 70 0 1 1 1 0 72 0 72 0 0

இரண்டு 72-ஐயும் 200 என்று மாற்றினால் விதி நிறைவேறிவிடும், படத்தில் ஒன்றும் மாறாது. 255 225 எக்ஸிஃப். 255 219 தர அட்டவணை. 255 196 ஹஃப்மன் அட்டவணை, சுருக்கத்தை அவிழ்க்க உதவுவது. 255 192 வந்தால் அளவு:

255 192 0 17 8 1 98 1 20 3

98 + 256 = 354, 20 + 256 = 276. உயரம் முதலில், அகலம் இரண்டாவது! பிஎன்ஜிக்கு நேர்மாறு. வேலு அண்ணன் சொன்ன அதே பாஸ்போர்ட் படம். இரண்டு பைட் மட்டும் என்பதால் ஜேபெக் படத்தின் ஒரு பக்கம் 65,535 பிக்சலுக்கு மேல் போக முடியாது. 255 192-க்குப் பதில் 255 194 இருந்தால் படம் மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும் வகை. அதை ஏற்காத பழைய தளங்கள் உண்டு.

புதுநிரல் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. அகலம் உயரம் வேண்டும் என்று கோப்பில் 255 192-ஐத் தேடாதீர்கள். எக்ஸிஃப் பகுதிக்குள் ஒரு குட்டிப் படம் இருக்கும், அதுவும் முழு ஜேபெக், அதற்கும் சொந்தமாக 255 216, 255 192, 255 217 எல்லாம் உண்டு. தேடினால் முதலில் அதுதான் மாட்டும், 4000 பிக்சல் படம் 160 என்று வரும். பகுதியின் நீளத்தைப் படித்து அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

#12 · ஸ்டுடியோ_வேலு

அப்படியானால் என் பழைய சந்தேகம் ஒன்று தெளிகிறது. மெமரி கார்டு கெட்டுப்போய் மீட்பு மென்பொருள் போட்டால், சில படங்கள் தபால்தலை அளவில் மட்டும் வரும். இந்தக் குட்டிப் படம்தானோ? சில படங்கள் பாதி வரை சரியாக வந்து, கீழே சாம்பல் நிறமாக இருக்கும். சில திறக்கவே மாட்டேன் என்கின்றன. முகூர்த்த நேரத்துப் படம் போனால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

#13 · இருமம்

அதேதான் அண்ணே. கார்டில் கோப்புகளின் பட்டியல் அழிந்திருக்கும், படத் தரவு அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் 255 216 255-ஐத் தேடித் தொடக்கத்தைப் பிடிக்கிறது, 255 217-ஐப் பார்த்தால் முடிவு என்று வெட்டுகிறது. அரைகுறையாக எழுதப்பட்ட மென்பொருள் குட்டிப் படத்தின் 255 217-இலேயே வெட்டிவிடும். ஃபோட்டோரெக் போன்ற நல்ல கருவியில் மறுபடி முயன்று பாருங்கள். பாதி சாம்பல் என்றால் கோப்பு கார்டில் ஒரே தொடர்ச்சியாக இல்லை, நடுவில் வேறு தரவு புகுந்துவிட்டது. அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காமல் இருந்தால்தான் மீட்க வழி உண்டு. கெட்டது தெரிந்த நிமிடமே கார்டைக் கழற்றிவிடுங்கள்.

திறக்கவே மறுப்பவற்றில் சிலதுக்கு நம்பிக்கை இருக்கிறது. தொடக்கம் மட்டும் அழிந்து, பிக்சல் தரவு நன்றாக இருந்தால், அதே கேமராவில் அதே அளவு, அதே தர அமைப்பில் எடுத்த நல்ல படத்தின் ஹெடரை வெட்டி இதன் தலையில் ஒட்டலாம். அட்டவணைகள் ஒத்துப்போனால் படம் திறக்கும். வண்ணம் கொஞ்சம் பிசகினாலும் முகம் தெரியும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

#14 · புதுநிரல்

2 × 2 படம் திறந்துவிட்டது அண்ணா! நான்கு பிக்சலையும் நான்கு நிறமாக வைத்து, பெரிதாக்கிப் பார்த்தேன்.

கல்லூரியில் பாதுகாப்புப் போட்டி ஒன்றில் ஒரு பிஎன்ஜி கொடுத்தார்கள். ஹெடரில் உயரத்தை மட்டும் குறைத்து, கீழே எழுதியிருந்ததை மறைத்திருந்தார்கள். ஐஎச்டிஆர் துண்டின் சரிபார்ப்பு எண் மட்டும் பழையதாகவே இருந்தது. ஒவ்வொரு உயரமாகப் போட்டு எண்ணைக் கணக்கிட்டுக்கொண்டே போனால், பொருந்தும் இடத்தில் உண்மையான உயரம் கிடைக்கும். இப்போதுதான் அது ஏன் வேலை செய்கிறது என்று முழுசாகப் புரிகிறது. அப்படியானால் ஹெடர் சொல்வதையும் முழுசாக நம்பக் கூடாதா?

#15 · கட்டுமரம்

நம்பவே கூடாது தம்பி. ஹெடர் என்பது கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம்.

'50,000 × 50,000' என்று ஹெடர் சொல்லும் பிஎன்ஜி ஒன்று வருகிறது என்று வையுங்கள். ஒரே நிறம், பிக்சலுக்கு ஒரு பிட் என்றால் சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். அதை நம்பி நான்கு பைட் பிக்சலாக விரித்தால் 1000 கோடி பைட் நினைவகம் வேண்டும். சர்வர் அத்தோடு படுத்துவிடும். ஆகவே அவிழ்ப்பதற்கு முன்பே அகலம், உயரத்தைப் படித்து, வரம்பு மீறினால் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் பைட்டுகளைப் பார்த்தாலே போதும் என்பதும் சரியில்லை. 71 73 70 56 57 97 என்று ஜிஃப் போலத் தொடங்கி, அதற்குப் பின்னால் சர்வரில் ஓடும் பிஎச்பி நிரலை வைத்து ஏற்றுவது பழைய தாக்குதல். கோப்பு முடிந்த பிறகும் ஆபத்து உண்டு. பிஎன்ஜி முடிவில் ஐஇஎன்டி துண்டு வரும், அதோடு படம் முடிந்தது என்று திறக்கும் மென்பொருள் நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் வெளிவந்த ஏக்ரோபாலிப்ஸ் கோளாறு இதுதான். கூகுள் பிக்சல் போனில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், சின்னப் படம் பழைய பெரிய கோப்பின் மேலேயே எழுதப்பட்டது, மிச்சம் நீக்கப்படவில்லை. வெட்டி எறிந்ததாக நினைத்த வங்கி எண், முகவரி எல்லாம் ஐஇஎன்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் கருவியிலும் இதே கோளாறு இருந்தது.

என் தளங்களில் நான் வைத்திருக்கும் வரிசை: அடையாளம் பார், அளவு பார், அவிழ், 274-இன்படி திருப்பு, புதிதாக எழுது, அந்தப் புதிய கோப்பை மட்டும் வைத்துக்கொள். வந்த கோப்பை அப்படியே சேமிப்பதே இல்லை.

#16 · வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பழைய பத்திரிகைகளை ஸ்கான் செய்து பாதுகாக்கிறோம். டிஃப் என்ற பட வடிவத்தைப் பாவிக்கிறோம். 40 × 58 செ.மீ பக்கம், 600 டிபிஐ, வண்ணம், சுருக்கம் இல்லை. ஒரு இதழை முழுவதும் ஒரே கோப்பாகச் சேமிக்கப் பார்த்தால் பதினோராவது பக்கம் வரை வடிவாகப் போகிறது, பன்னிரண்டாவதில் நின்றுவிடுகிறது. வன்தட்டில் இடம் நிறைய இருக்கிறது. இருமம் அண்ணை, இதுவும் ஹெடர் சம்பந்தப்பட்டதா?

#17 · இருமம்

நூற்றுக்கு நூறு ஹெடர்தான் வடலி. உங்கள் வேலைக்கு முதலில் என் வணக்கம்.

டிஃப் கோப்பு 73 73 42 0 என்று தொடங்கும், இல்லையென்றால் 77 77 0 42. முதலாவது சிறிய இலக்கம் முன்னால், இரண்டாவது பெரிய இலக்கம் முன்னால். எழுதுகிறவர் தன் கணினிக்கு வசதியானபடி எழுதலாம், படிக்கிறவர் இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நான்கு பைட் ஒரு முகவரி: படத்தின் குறிப்புப் பட்டியல் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. அது கோப்பின் நடுவிலும் இருக்கலாம், கடைசியிலும் இருக்கலாம். அந்தப் பட்டியலின் முடிவில் அடுத்த பக்கத்தின் பட்டியலுக்கு இன்னொரு முகவரி. கட்டுமரம் காட்டிய பன்னிரண்டு பைட் குறிப்பும் இதிலிருந்து வந்ததுதான். எக்ஸிஃப் என்பதே ஜேபெக்குக்குள் வைத்த சின்ன டிஃப்.

எல்லா முகவரியும் நான்கு பைட் என்பதால் 429 கோடி பைட்டுக்கு அப்பால் எதையும் சுட்ட முடியாது. உங்கள் பக்கம் ஒன்று சுமார் 9449 × 13,701 பிக்சல், மூன்று வண்ணம், 38.8 கோடி பைட். பதினொரு பக்கம் 427 கோடி, உள்ளே அடங்குகிறது. பன்னிரண்டாவது 466 கோடி. முகவரி எழுத இலக்கம் இல்லை.

பிக்டிஃப் இதற்காகவே வந்தது. 42-க்குப் பதில் 43, முகவரிகள் எட்டு பைட். 73 73 43 0 8 0 0 0 என்று தொடங்கும். டிஃபைக் கையாளும் நிரலகமான லிப்டிஃப் 4.0 முதல் அதைப் படிக்கும், எழுதும். ஆனால் எல்லா மென்பொருளும் திறக்காது. பாதுகாப்புக்காக வைப்பது என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு டிஃப் என்று தனித்தனியாக வையுங்கள். ஒரு கோப்பு கெட்டாலும் ஒரு பக்கத்தோடு போகும். சுருக்கமும் போடலாம், டிஃபுக்குள் இழப்பில்லாத எல்இசட்டபிள்யூவோ டிஃப்லேட்டோ பாவித்தால் பிக்சல் ஒன்றும் மாறாது. எல்இசட்டபிள்யூவின் அமெரிக்கக் காப்புரிமை 2003-இலேயே முடிந்துவிட்டது.

#18 · வடலி

மிக்க நன்றி அண்ணை. தனித்தனிப் பக்கமாகவே வைக்கிறோம். முன்பு ஸ்கான் செய்தவற்றில் சிலது 77 77 என்று தொடங்குகின்றன, பழைய மக் (ஆப்பிள்) கணினியில் செய்தவை. அவற்றை மாற்ற வேண்டுமா?

#19 · இருமம்

வேண்டாம். அப்படியே விடுங்கள், இரண்டும் முறையான டிஃப்தான்.